உயிர் இரையா, உறைய வைத்த இரையா?

பாம்பு வளர்க்க ஆசைப்படுபவர்கள் கூண்டின் நீள அகலத்தை விசாரிக்கிறார்கள். வெப்ப விளக்கு எத்தனை வாட் என்று கேட்கிறார்கள். அடியில் பரப்பும் தேங்காய் நார் எங்கே கிடைக்கும் என்பது வரை தெரிந்துகொள்கிறார்கள். அது எதைத் தின்னும், அந்த இரை எந்த நிலையில் வீட்டுக்குள் நுழையும், அதை எங்கே வைப்பது என்பதெல்லாம் பாம்பு வந்து சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. இந்த அத்தியாயத்தைப் பாம்பு வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பாம்புக்குக் கொடுக்க வேண்டியது முறையாகக் கொல்லப்பட்டு, உறைய வைத்து, கொடுக்கும் நாளில் உருக்கிச் சூடாக்கிய எலி. உயிருள்ள எலி வேறு வழியே இல்லாத சில நேரங்களுக்கு மட்டும். இதற்குக் காரணம் பாம்பின் நலம் பாதி, எலியின் நலம் பாதி. இரண்டில் ஒன்றைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்கள் இந்தப் பொழுதுபோக்கைத் தொடாமல் இருப்பதே நல்லது.

முதலில் பாம்பு யாருடையது?

இரையைப் பற்றிப் பேசும் முன் பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு, கொம்பேறி மூக்கன் என்று நம் மண்ணில் ஊரும் எதையும் பிடித்து வீட்டில் வைக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. தோட்டத்தில் ஒன்றைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்த நூல் பேசுவது பால் பைத்தான், கார்ன் பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களைப் பற்றி மட்டுமே.

அவற்றிலும் எல்லாம் ஒன்றல்ல. பால் பைத்தானும் போவா வகைகளும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டீஸ் பட்டியலில் இருக்கின்றன. 2022இல் திருத்தப்பட்ட நம் சட்டம் அந்தப் பட்டியலை உள்நாட்டிலும் செல்லுபடியாக்கியது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, அவற்றை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபட்டதைப் பலரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். துளையிட்ட டப்பாக்களில் அடைபட்டு வந்த குட்டிகள் அவை. மலிவாக, ரசீது இல்லாமல் கிடைக்கும் குட்டிகள் இப்படி வந்தவையாக இருக்கலாம். வாங்கும் இடத்தில் தாள் கேளுங்கள். தாள் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கோவை ஆர்.எஸ்.புரத்துக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வனத்துறை வளாகம் கௌலி பிரவுன் சாலைப் பக்கத்திலேயே இருக்கிறது.

பெட்டிக்குள் ஓட இடமில்லை

'இயற்கையில் பாம்பு உயிருள்ள எலியைத்தானே பிடித்துத் தின்கிறது?' உயிர் இரை வேண்டும் என்பவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். உண்மைதான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் வாழைத் தோட்டத்து வரப்பில் சாரை எலி வளைக்குள் நுழைவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். சாரைக்கு அங்கே பின்வாங்க இடம் இருக்கிறது. பெரிய எலி எதிர்த்து நின்றால் விலகி வேறு வளைக்குப் போகும். எலிக்கும் இன்னொரு வாசல் வழியே தப்பிக்க வாய்ப்பு உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்குமே அது கிடையாது. இரண்டடி அகலத்தில் மூலைக்குத் தள்ளப்பட்ட எலி கடிக்கும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, மரத்தையும் கொறிப்பவை.

பாம்புக்குப் பசி இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். சட்டை உரிக்கும் முன் கண்ணில் பால் படர்ந்திருக்கும் நாட்களில் பாம்புக்குச் சரியாகப் பார்வை தெரியாது. கூண்டுச் சூடு குறைந்திருந்தால் உடல் மந்தமாக இருக்கும். அப்போது உள்ளே விட்ட எலி முதலில் சுற்றித் திரியும். பிறகு அதற்கே பசிக்கும். இரவெல்லாம் விட்டுவிட்டால் அசையாமல் சுருண்டு கிடக்கும் பாம்பின் முதுகையே கொறிக்கத் தொடங்கும். அப்படிக் கடிபட்ட பால் பைத்தான் ஒன்றைக் கிட்டே பார்த்தேன். நடு முதுகில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் செதில்கள் இல்லை. ஓரங்கள் கறுத்துச் சுருண்டிருந்தன. குழியின் அடியில் வெளிர் சிவப்புத் தசை ஈரமாகத் தெரிந்தது. பாம்பு கத்தாது, நொண்டாது. அதனால் வளர்த்தவர் மறுநாள் மாலை வரை கவனிக்கவே இல்லை. கண், உதடு, வெப்பம் உணரும் குழிகள், முதுகெலும்பு, எங்கே வேண்டுமானாலும் கடி விழலாம். காயம் ஆற மாதக் கணக்கில் ஆகும். தழும்பின் மேல் செதில் சரியாக வராததால் ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வேட்டையாடாவிட்டால் பாம்பு மந்தமாகிவிடும், அதன் இயல்பு போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. செத்த எலியைச் சூடாக்கி இடுக்கியில் காட்டும்போது பாய்ந்து பிடித்து, மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள்ளும் பாம்பை ஒருமுறை பார்த்தால் அந்தக் கவலை தீர்ந்துவிடும். சூடு, வாசனை, அசைவு மூன்றும் சரியாக இருந்தால் போதும். எலி உயிரோடு இருக்கிறதா என்று பாம்பு சோதிப்பதில்லை.

எலியின் பக்கம்

1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் மனிதன் அல்லாத எல்லா உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது. எலியும் அதில் அடக்கம். அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வேடிக்கைக்காக மட்டும் ஒரு விலங்கை இன்னொன்றுக்கு இரையாகும்படி அடைத்து வைப்பதைக் குற்றமாக்குகிறது. தேவையற்ற கொடுமையான முறையில் கொல்வதும் அதே பிரிவில் குற்றம். ஆகவே நண்பர்களைக் கூட்டிவைத்து 'லைவ் ஃபீடிங்' காட்டுவதும், ரீல்ஸ் எடுத்துப் போடுவதும் ரசனைக் குறைவோடு நிற்கும் விஷயங்கள் அல்ல. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் சட்டத்தையும் தாண்டி யோசியுங்கள். மூலையில் நடுங்கும் எலியைப் பார்த்துக் கைதட்டப் பழகும் பிள்ளை பாம்பின் மேல் உள்ள அன்பையும் அங்கிருந்து கற்றுக்கொள்வதில்லை.

இரையைச் சாகடிக்கும் பொறுப்பிலிருந்து உறைய வைத்த எலி உங்களை விடுவித்துவிடாது என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். வளர்ந்த ஒரு பால் பைத்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு எலி தின்றால் ஆண்டுக்கு 26. நன்றாகக் கவனித்தால் அது 20, 30 ஆண்டு வாழும். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அத்தனை உயிரும் பயமின்றி, நொடிகளில் முடிய வேண்டும் என்பதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை.

கோவையில் எலி எங்கிருந்து வருகிறது?

வெளிநாட்டுக் கடைகளில் அளவு வாரியாகப் பாக்கெட் போட்ட எலிகள் ஃப்ரீசரில் அடுக்கியிருக்கும். நம்மூரில் அந்த வசதி எளிதாகக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் வெள்ளெலி, வெள்ளைச் சுண்டெலி வளர்த்து விற்பவர்களிடம்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கொடுப்பது உயிரோடு. உயிர் இரை இங்கே பழக்கமாகிவிட்டதற்குக் காரணம் பாம்பின் விருப்பம் அல்ல, இந்த வசதிக் குறைவுதான்.

வாங்கும் இடத்தில் எலிக்கூண்டைப் பாருங்கள். கண்ணைச் சுற்றிச் செம்பழுப்புக் கசிவு, முடி உதிர்ந்த திட்டுகள், மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை இருந்தால் அங்கே வாங்க வேண்டாம். எலி என்ன தின்றதோ அதுதான் பாம்புக்குப் போய்ச் சேரும். வெறும் சோறும் ரொட்டியும் போட்டு வளர்த்த எலியில் கொழுப்புதான் மிஞ்சும். தானியம், பருப்பு, கொஞ்சம் காய், அல்லது எலிகளுக்கென்றே வரும் தீவனம் கொடுக்கிறாரா என்று கேளுங்கள்.

பொறியில் பிடித்த வீட்டெலி, பெருச்சாளி எக்காரணம் கொண்டும் கூடாது. நம் தெருவில் எலி கேக் வைக்காத வீடு குறைவு. புரோமடயலோன் போன்ற விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் நடமாடும். அந்த விஷம் அதன் ஈரலில் தங்கியிருக்கும். பாம்பு அதை விழுங்கினால் உள்ளேயே இரத்தம் கசியலாம். துத்தநாக பாஸ்பைடு தின்ற எலியும் அப்படியே ஆபத்து. இதோடு எலிக்காய்ச்சல் கிருமியும் புழுக்களும் சேர்ந்து வரும். கையாளுகிற உங்களுக்கும் அது கேடு. சோதனைக்கூடத்திலிருந்து 'மிச்சமான' வெள்ளெலி என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் உடம்பில் என்ன மருந்து ஏற்றினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழி தோன்றும். கோழி. நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றவை. முட்டைக் கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில் சேவல் குஞ்சுகளுக்கு வேலை இல்லை. பொரித்த அன்றே கழிக்கப்படும் அந்தக் குஞ்சுகளை மேல்நாடுகளில் உறைய வைத்துப் பருந்து, ஆந்தை, பாம்புகளுக்குக் கொடுக்கிறார்கள். எலியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் பாம்பு சில சமயம் குஞ்சைப் பாய்ந்து பிடிக்கும். மாற்றாக எப்போதாவது கொடுக்கலாம். தொடர்ந்து கொடுத்தால் எச்சம் நீர்த்துப் போகும், நாற்றமும் தாங்காது. தெருவில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கும் குஞ்சு வேண்டவே வேண்டாம். காடைக் குஞ்சும் நல்ல இரைதான், முழுதாகக் கிடைத்தால். உரித்துச் சுத்தம் செய்த காடை, கோழி நெஞ்சுக்கறித் துண்டு, ஈரல் இவையெல்லாம் பாம்புக்குச் சாப்பாடாகாது. எலும்பின் சுண்ணாம்பு, ஈரலின் வைட்டமின் ஏ, முடி, குடல் எல்லாம் சேர்ந்த முழு உடல்தான் அதற்குச் சமச்சீர் உணவு. அதனால்தான் முழு இரை தின்னும் பாம்புக்குத் தனியாகச் சத்துப்பொடி தேவைப்படுவதில்லை.

யார் கொல்வது?

உயிரோடு வாங்கி வந்த எலியை அப்படியே ஃப்ரீசரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். குளிரில் மெல்ல விறைத்துச் சாவது கொடூரமானது. உணர்வோடு இருக்கும் விலங்கை உறைய வைத்துக் கொல்வதைக் கால்நடை மருத்துவ நெறிமுறைகள் ஏற்பதில்லை. தண்ணீரில் அமுக்குவதும் அப்படியே. சமையல் சோடாவும் வினிகரும் கலந்து டப்பாவில் வாயு உண்டாக்கும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம். அந்த வாயு எவ்வளவு வருகிறது, எவ்வளவு வேகத்தில் நிரம்புகிறது என்பது நம் கையில் இல்லை. எலி மூச்சுத் திணறிப் பாதியில் நிற்கும். கண் திறக்காத குட்டிகளுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு விஷயத்தில் தாக்குப்பிடிக்கும் சக்தி பெரிய எலியைவிட அதிகம் என்பதும் பலருக்குத் தெரியாது. செத்துவிட்டது என்று எடுத்த குட்டி மறுபடி மூச்சு விடும்.

முறையான வழிகள் இரண்டு. சிலிண்டரிலிருந்து கட்டுப்படுத்திய அளவில் கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல நிரப்புவது ஒன்று. பழகிய கையால் கழுத்தெலும்பை நொடியில் விலக்குவது மற்றொன்று. இரண்டையும் புத்தகத்தில் படித்துச் செய்ய முடியாது. சிறு விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய், வெட்கப்படாமல் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அல்லது வளர்ப்பவரே முறையாகக் கொன்று கொடுப்பாரா என்று பேசுங்கள். பாம்பு வளர்க்கும் நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இது எதுவும் முடியாது, மனமும் வராது என்றால் பாம்பு வளர்ப்பதை மறுபரிசீலனை செய்யுங்கள். இதில் தவறொன்றும் இல்லை.

ஃபிரிட்ஜ் விவகாரம்

டி.பி. ரோட்டுக்குப் பின்னால் ஓர் அடுக்ககத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் கார்ன் பாம்பு வாங்க நினைத்து, வீட்டில் பேசிவிட என்னையும் அழைத்துப் போயிருந்தான். அவன் அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏனுங் சார், மாவு வைக்கற ஃபிரிட்ஜுல செத்த எலிய வைக்கச் சொல்றீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

"இல்லீங்கம்மா. அதுல வைக்கக் கூடாது. அவனுக்குன்னு தனியா ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கட்டும். வாங்க முடிஞ்சா பாம்பு, இல்லீன்னா வேண்டாம்."

"அப்படிச் சொல்லுங்க. கண்ணு, கேட்டுக்கிட்டியா?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆர்.எஸ்.புரத்தில் சைவக் குடும்பங்கள் நிறைய. முட்டைகூடச் சமையலறைக்குள் வராத வீடுகள் உண்டு. அசைவ வீடுகளிலும் புரட்டாசியில் கதை வேறு. வீட்டாருடைய மனதை மீறி அவர்கள் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் எலியை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. சுகாதாரக் காரணமும் அதே பக்கம்தான் நிற்கிறது. உறைய வைப்பதால் உண்ணி, செள், பல வகைப் புழுக்கள் சாகும். சால்மொனெல்லா சாகாது. 2010இல் அமெரிக்காவில் உறைந்த சுண்டெலிகள் மூலமாகவே அந்தக் கிருமி பரவி, விற்ற நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. ஆகவே சின்னதாக ஒரு தனி ஃப்ரீசர், பால்கனியிலோ பாம்பு இருக்கும் அறையிலோ. இட வசதியோ பணமோ இல்லாமல் ஒரே ஃபிரிட்ஜ்தான் என்றால், வீட்டார் எல்லோரும் மனமொப்பிச் சம்மதித்த பிறகு, ஜிப் கவருக்குள் கவர், அதைப் பூட்டுப் போட்ட டப்பாவுக்குள், ஃப்ரீசரின் அடித்தட்டில்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு எலியையும் தனித்தனிக் கவரில், காற்றை வெளியேற்றி மூடுங்கள். எடையும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நாட்பட நாட்பட வைட்டமின் ஈ குறையும், கொழுப்பு கெடும், முடிக்கு மேல் வெண்பனி படர்ந்து உடல் வறளும்.

'கரண்ட் போனால்?' என்று கேட்பார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலையில் விடும் மின்தடை நமக்குப் பழகியதுதான். கதவைத் திறக்காமல் இருந்தால் நிரம்பிய ஃப்ரீசர் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும், பாதி நிரம்பியது ஒரு நாள். காலியாக இருக்கும் இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது ஒரு தம்ளரில் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் அடியில் கிடந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சரக்கு முழுவதையும் கழித்துவிடுங்கள்.

கொடுக்கும் நாள்

இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் அளவுக்கு இருக்கலாம். அதைவிடப் பெரிதாக வேண்டாம். வளர்ப்பவர்கள் பேச்சில் ஒன்றிரண்டு கிராம் எடையுள்ள, முடி முளைக்காத குட்டி 'பிங்கி', முடி அரும்பியது 'ஃபஸ்ஸி', கண் திறந்து துள்ளுவது 'ஹாப்பர்'. வளர்ந்த சுண்டெலி 20 முதல் 30 கிராம் வரும். கார்ன் பாம்புக் குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு பிங்கி. வளர்ந்ததற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுண்டெலி. சமையலறைத் தராசு போல ஒரு டிஜிட்டல் தராசைப் பாம்புக்கென்றே வாங்கிவிடுங்கள்.

முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடிய டப்பாவில் பாம்புக்கென்றே வைத்த குளிர்ப் பெட்டிக்கு மாற்றுங்கள்; வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதி வீட்டார் சம்மதித்திருந்தால் மட்டும். சித்திரை வெயிலில் மேடைமேல் வைத்து உருக்கினால் வெளியே கெடத் தொடங்கும்போது உள்ளே இன்னும் கட்டியாக இருக்கும். மறுநாள் மாலை கவரோடு 40 டிகிரி வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், கால் மணி நேரம் அமுக்கி வையுங்கள். ஆறினால் நீரை மாற்றுங்கள். கொதிநீர் கூடாது. மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஒரு பக்கம் வெந்து, வயிறு வெடிக்கும். எடுத்ததும் வயிற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே கோலிக்குண்டு போலக் குளிர்ந்த கட்டி தட்டுப்பட்டால் மறுபடி வெந்நீர். நடுவில் பனிக்கட்டியோடு விழுங்கிய பாம்பு அதைக் கக்கிவிடும். துணியால் ஒற்றி, உலர்ந்த பிறகு தலையை மட்டும் ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடாக்குங்கள். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் அந்தச் சூட்டைத்தான் தேடும். கார்ன் பாம்புக்கு அந்தக் குழிகள் இல்லை. அது வாசனையை நம்பிப் போகும்.

அறை விளக்கை அணையுங்கள், மங்கலான வெளிச்சம் போதும். ஓர் அடி நீள இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, தலை பாம்பை நோக்கி இருக்க, ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். முகத்தில் இடிக்காதீர்கள். நாக்கு முதலில் வேகமாக வந்து போகும், பிறகு நிதானமாகும். கழுத்து பின்னுக்கு இழுபட்டு வளையும். எலி மெல்ல அசைய வேண்டும், குலுக்கக் கூடாது. பாய்ந்து பிடித்ததும் இடுக்கியை விட்டுவிட்டு, லேசாக வாலை ஒருமுறை இழுங்கள். இரை இன்னும் துடிக்கிறது என்று நினைத்து இறுக்கும். பிறகு கை வைக்காதீர்கள். இறுக்கம் தளர்ந்து, மூக்கால் தடவித் தலையைக் கண்டுபிடித்து, தாடையை இடம் வலமாக மாற்றி மாற்றி முன்னே நகர்த்தி விழுங்கும்.

விழுங்கிய பின் இரண்டு நாள் அதைத் தொடக் கூடாது. செரிப்பதற்குச் சூடு வேண்டும். பால் பைத்தானுக்குக் கூண்டின் வெப்ப மூலை 31, 32 டிகிரி. மார்கழி இரவுகளிலும், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் நாட்களிலும் கோவை வீட்டுக்குள் அந்தச் சூடு தானாக வராது. வெப்பப் பாய் வேலை செய்கிறதா என்று தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டு உணவு கொடுங்கள். கக்கிவிட்டால் பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு விட்டு, அடுத்த முறை பாதி அளவு இரை.

பிடிவாதம் பிடிக்கும் பாம்பு

உயிர் இரைக்கே பழகிய பாம்பை மாற்றுவதற்குப் பொறுமை வேண்டும். நேராக ஃப்ரீசருக்குத் தாவ வேண்டாம். முதலில் சற்று முன் கொல்லப்பட்ட, இன்னும் இளஞ்சூடு ஆறாத எலி. அதை இரண்டு மூன்று முறை எடுத்துக்கொண்டால் உறைந்து உருகியது. ஒரு வேளை உணவைத் தவிர்த்து, பசி வந்த பிறகு முயலுங்கள். இடையில் பாம்பைக் கையில் எடுத்து விளையாடாதீர்கள். சுண்டெலிக்குப் பழகிய பாம்புக்கு வெள்ளெலியைக் கொடுப்பதானால், சுண்டெலிக் கூண்டின் படுக்கைத் தூளில் அதைப் புரட்டி வாசனை ஏற்றலாம். இடுக்கியைக் கண்டு மிரளும் பாம்பானால் அது ஒளிந்திருக்கும் குகை வாசலில் சூடான எலியை வைத்துவிட்டு, கூண்டின் மேல் துணி போர்த்தி, அறையை விட்டு வெளியே வாருங்கள். மறுநாள் காலை இல்லாமல் போயிருக்கும்.

நன்றாகத் தேறிய பால் பைத்தான் மாதக் கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். அது அந்த இனத்தின் குணம். இரண்டு வாரம் சாப்பிடவில்லை என்றதும் பயந்துபோய் உயிர் எலிக்குத் திரும்புவதால்தான் பெரும்பாலான மாற்றங்கள் பாதியில் நிற்கின்றன. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறையாதவரை காத்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயில் எச்சில் நுரைத்தாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ இரையைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

உயிர் இரை கொடுத்தே தீர வேண்டுமானால்

முட்டையிலிருந்து வந்து, முதல் சட்டையை உரித்துவிட்டு, எதையும் தொடாமல் மெலியும் குட்டி. அல்லது நோயிலிருந்து எழுந்து, எல்லா வழியும் பார்த்த பிறகும் வாய் திறக்காத பாம்பு. இந்த இரண்டு நிலையில் நானும் உயிர் இரையைத்தான் சொல்வேன். குட்டிக்குக் கண் திறக்காத, பல் முளைக்காத எலிக்குட்டி போதும். அது பாம்பைக் காயப்படுத்த முடியாது. நேரமும் குறைவு. ஒருமுறை தின்று பழகிவிட்டால் அடுத்த வாரமே செத்த குட்டிக்கு மாற்றிப் பாருங்கள். வீட்டுப் பல்லியைப் பிடித்துக் கொடுக்கும் யோசனையை ஏற்காதீர்கள். பல்லியோடு அதன் குடல் புழுக்களும் உள்ளே போகும்.

பல் முளைத்த எலியானால் ஒன்றுதான், ஒருபோதும் இரண்டு கூடாது. சட்டை உரிக்கும் காலத்தில் கூடாது. கூண்டுச் சூடு சரியாக இருக்க வேண்டும். கையில் இடுக்கியும் ஒரு கெட்டி அட்டையும் வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்காருங்கள், செல்போனை ஓரமாக வைத்துவிட்டு. பத்து நிமிடத்தில் பாம்பு ஆர்வம் காட்டவில்லையென்றால் எலியை வெளியே எடுத்துவிடுங்கள். பிடித்த பிடி தவறி எலியின் வாய் பாம்பின் உடல் பக்கம் இருந்தால், இடுக்கியின் முனையை அதன் பற்களுக்கு நடுவே கொடுத்துவிடலாம். அது பாம்புக்குப் பதிலாக இரும்பைக் கடிக்கும்.

கழுவுவதும் கழிப்பதும்

எலியைத் தொட்ட கை, பாம்பைத் தொட்ட கை இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உருக்கிய பாத்திரம், இடுக்கி எதுவும் சமையல் தொட்டிக்கு வரக் கூடாது. குளியலறை வாளியில் கழுவி, வெயிலில் காய வையுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இந்த வேலையில் சேர வேண்டாம்.

பாம்பு தொடாத எலியை மறுபடி உறைய வைத்து அடுத்த வாரம் கொடுக்கக் கூடாது. அதைக் கழிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் நம் வீட்டுக் குப்பையைக் கையால் பிரிக்கிறார்கள். காய்கறித் தோலுக்கு நடுவே செத்த எலியை மறைத்துப் போடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். சொந்த மண் இருந்தால் தென்னை அடியிலோ கறிவேப்பிலை அடியிலோ ஒன்றரை அடி ஆழம் தோண்டி, கவர் இல்லாமல் புதைத்து, மேலே ஒரு கல் வையுங்கள், நாய் கிளறாமல் இருக்கும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் இரண்டு கவரில் கட்டி, குப்பை வண்டி வரும் காலை வரை ஃப்ரீசரிலேயே வைத்திருந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லித் தனியாகக் கையில் கொடுங்கள்.